பரதேசியை அனுப்பிவைத்தல்

சொர்ணபாயை அடக்கம் செய்து ஒரு வருடம் ஆனதும் அவளை நாடு கடத்த ஆள் வந்தது. வந்தவர் அந்நியர் அகற்றல் பிரிவின் அதிகாரி ஆறுமுகநயினார். கையில் ஒரு சல்லடை வைத்திருந்தார். சொர்ணபாயின் கணவர் மாசிலாமணி அவருக்கு மோர் கொடுத்தார். யார் வந்தாலும் மோர் கொடுக்கிற வீடு அது.

இருவரும் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்கள். தோட்டம் அன்றைக்குக் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. பனைகள் ஒதுங்கி வழிவிட்டன.

"அண்ணாச்சி, கல்லுல என்ன வெட்டிருக்கு, வாசிங்க."

மாசிலாமணி வாசித்தார். இந்தப் பூமியில் பரதேசியாய்த் தங்கியிருந்து சொந்த தேசமாகிய பரலோகம் போய்ச் சேர்ந்தாள் என்று இருந்தது. வெட்டச் சொன்னவரே அவர்தான். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் கல்லில் அப்படித்தான் வெட்டுவார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரில் வேர்விட்டுக் கிடந்தாலும், தங்களை விருந்தாளி என்று சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம்.

"அது விசுவாசம், சார்."

"நாங்க வாக்குமூலம்னு சொல்லுவோம்."

சொர்ணபாய் ஊரைவிட்டு வெளியே தங்கியவளே இல்லை. மகள் வீட்டுக்குப் போனால்கூடத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அன்றைக்கே பஸ் ஏறிவிடுவாள். மாசிலாமணி இதையெல்லாம் எடுத்துச் சொன்னார். நயினார் வருத்தத்தோடு கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர்தான். கல்லே அப்படிச் சொன்னால் அவரும் பாவம் என்ன செய்வார்?

கல்லுக்கு இடப்பக்கம் ஓர் ஆள் படுக்கிற இடம் காலியாக இருந்தது. அது மாசிலாமணிக்கு. அவளை அனுப்பிவிட்டால் அங்கே தனியாகப் படுக்க வேண்டுமே என்று நினைத்தார். பயமாக இருந்தது.

"அவங்களக் கொண்டுபோகலாம்," என்றார் நயினார். " நம்ம நாட்டு மண்ணு ஒரு பொட்டுகூட வெளிய போகக் கூடாது."

அதற்குத்தான் சல்லடை. தோண்டினார்கள், சலித்தார்கள். மேலே தங்கியதும் செம்மண், கீழே விழுந்ததும் செம்மண். இதில் உங்கள் வீட்டுக்காரி எது என்று நயினார் கேட்டார். மாசிலாமணி குனிந்து பார்த்தார். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. எல்லாமே அவளாகத்தான் தெரிந்தது.

தானே பார்ப்பதாகச் சொல்லி நயினார் குழிக்குள் முழங்கைவரை கையை விட்டார். கை திரும்ப வரவில்லை.

"யாரோ பிடிக்காங்க, அண்ணாச்சி."

"ரெண்டு கையாலயா?"

"ஆமா."

"அப்ப அவதான். சாப்பிட்டீங்களா சார்?"

"இல்ல."

ஆராதனை முடிந்ததும் சொர்ணபாய் கோயில் வாசலில் எல்லாரையும் அப்படித்தான் பிடிப்பாள். சாப்பிட வருகிறேன் என்று சொன்னால்தான் பிடி விடும். மாசிலாமணி வீட்டுக்குப் போய்ச் சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து பிசைந்து ஊட்டினார். நயினாரின் சோற்றுக்கை உள்ளே இருந்ததால் வேறு வழியில்லை.

பாதிச் சாப்பாட்டில் மேலதிகாரி போன் செய்தார். அந்நியரை அனுப்பியாயிற்றா என்று கேட்டார்.

நயினார் வாயில் இருந்ததை விழுங்கினார்.

"அனுப்ப முடியாது, சார். என்னயப் போகச் சொல்லுதாங்களா இருக்கச் சொல்லுதாங்களான்னு அவங்கதான் சொல்லணும். இது அவங்க ஊரு."

மாசிலாமணிக்கு நெஞ்சு லேசானது. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டார்.