நம்மளுது

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தால் நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகக் கொல்லைப்பக்கம்தான் போவேன். எங்கள் நாய் மேனேஜரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மூட்டெல்லாம் தேய்ந்து பின்னங்கால்கள் விழுந்துவிட்ட பிறகு அவரால் தானாகத் திரும்ப முடிவதில்லை. வலது இடுப்பில் ஏற்கெனவே படுக்கைப் புண். இடது பக்கமாகவே கிடந்தால் அங்கேயும் வந்துவிடும் என்பதால் நடுவில் கொஞ்ச நேரம் பழைய தலையணையை முட்டுக்கொடுத்து நெஞ்சின் மேல் சாய்த்து வைப்பேன். அன்றைக்கு நான் போனபோது அக்காவின் கோழி ஒன்று அவருடைய பாயில் ஏறி நின்றுகொண்டிருந்தது. பாயில் ஏதோ சிந்தியிருக்கும், பொறுக்குகிறது என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் போனதும் அதன் அலகைப் பார்த்தேன். புண்ணுக்குப் போட்டிருந்த கட்டை இழுத்து ஓரம் தள்ளிவிட்டு, தீவனத் தட்டில் கொத்துவதுபோல நிதானமாக அது புண்ணைக் கொத்திக்கொண்டிருந்தது.

மேனேஜர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். முகம் சுவர்ப் பக்கம். ஒரு முனகல் இல்லை, காது மடல்கூட அசையவில்லை. நான் கையிலிருந்த கருவிப் பையை வீசியெறிந்த சத்தத்தில் கோழி பறந்து போனது. நான் பாயருகே உட்கார்ந்து பஞ்சை எடுத்துப் புண்ணைத் துடைத்தேன்.

நாய்க்கு மேனேஜர் என்று பேர் வைத்தது நான்தான். நாளெல்லாம் நிழலில் உட்கார்ந்துகொண்டு கோழிகள் கிளறுவதை மேற்பார்வை பார்ப்பார், தான் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடமாட்டார். எங்கள் கம்பெனி மேனேஜரும் அப்படித்தான். அந்தப் பேரை வைத்த பிறகு அது, இது என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அக்கா அதற்காக என்னைக் கேலி செய்வாள், ஆனால் கோழிக்கு டீச்சர் என்று பேர் வைத்தவள் அவள்தான். கழுத்தை நிமிர்த்தி நடந்து, வரிசையில் நிற்காத கோழியின் தலையில் ஒன்று போடுகிற கோழி அது. புண்ணைக் கொத்தியதும் அதுதான்.

அத்தான் தவறிய பிறகு அக்கா ஒரு பெட்டியும் நாலு கோழிகளுமாக என் வீட்டுக்கு வந்தாள். நான் கல்யாணம் ஆகாத கட்டை, வீட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அவள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்த்து, முதுகு போய், ஓய்வு வாங்கியவள். வந்த புதிதில் யாரோடும் பேசமாட்டாள். கோழிகள் பெருகப் பெருகத்தான் அவளுக்குப் பேச்சு திரும்பியது. மேனேஜர் அப்போது குட்டி. ஒருநாள் ஒரு குஞ்சை வாயில் கவ்விக்கொண்டு நின்றார். அக்கா அடிக்கவில்லை. குஞ்சை விடுவித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவர் கழுத்தில் கையைப் போட்டு இழுத்து உட்கார வைத்து, "நம்மளுது, நம்மளுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தினமும் அதே பாடம். அதற்குப் பிறகு கோழி அவர் முதுகில் ஏறி நின்றாலும் மேனேஜர் ஒன்றும் சொன்னதில்லை.

கால்நடை டாக்டரம்மா போன வாரம் வந்து பார்த்துவிட்டு, புண் ஆற வேண்டிய வேகத்தில் ஆறவில்லை என்றார். சனிக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறும் முன்னால் நின்றார்.

"உணர்ச்சியெல்லாம் இருக்கு. வலிச்சா காட்டுதான்னு மட்டும் கவனிங்க. வலியைக் காட்டறதையே விட்டுடுச்சுன்னா, அது போகத் தயாராயிடுச்சுன்னு எடுத்துக்கலாம். அப்புறம் நாம இழுத்துப் பிடிக்கிறது பாவம். ஊசி போட்டுடலாம்."

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மருந்து போடும்போது அவர் முகத்தையே பார்ப்பேன். கண்ணைச் சுருக்கினாரா, நான் கண் சிமிட்டியதில் எனக்கு அப்படித் தோன்றியதா என்று வேலை செய்யும் இடத்திலும் அதே யோசனை. இப்போது இந்தக் கோழி. புண் ஏன் ஆறவில்லை என்று தெரிந்துவிட்டது, அது நல்ல சேதி. கொத்திக் கிளறியும் அவர் அசையவில்லை, அது கெட்ட சேதி. எதை நினைத்துச் சந்தோஷப்படுவது, எதை நினைத்து அழுவது என்று தெரியாமல் கையில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா கடையிலிருந்து வந்ததும் சொன்னேன். பையை வைத்துவிட்டுப் போய்ப் புண்ணைக் குனிந்து பார்த்தாள். நிமிரும்போது முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"கோழியைக் கூண்டுல போட்டுடறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். இவ்ளோ கொத்தியும் சும்மா கெடந்துச்சுன்னா, அதுக்கு மேல என்னடா பாக்கணும் உனக்கு?"

"வலி தெரியாம இல்லக்கா. நீ சொல்லிக் குடுத்ததைக் கேட்டுக்கிட்டு பேசாம கெடக்கறாரு."

அக்கா கையைக் கழுவப் போனாள். குழாயை மூடிவிட்டு அங்கிருந்தே பேசினாள்.

"லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டவங்களுக்குச் சொல்றாப்ல இதுக்கும் சொல்லிக்கிட்டிருக்க. பயப்படாதீங்க, இதோ தெறந்துடும்னு. இதுக்கு எந்தக் கதவுடா தெறக்கப் போகுது?"

என் வேலை அதுதான், லிஃப்ட் பழுது பார்ப்பது. ஊரில் யார் எந்த மாடிக்கு நடுவில் தொங்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே இருப்பவர்களிடம் பதறாமல் பேசத் தெரிந்தவன் என்று எனக்குப் பேர் உண்டு. வீட்டில் அந்தப் பேச்சு செல்லாது.

கோழிகளை அடைத்து வைத்தோம். அடைத்த கோழிகள் ஒன்றின் இறகை ஒன்று பிடுங்க ஆரம்பித்தன. ஒரு சின்னக் கோழியின் முதுகு வழுக்கையாகிவிட்டது. அக்கா முறம் முறமாகக் கீரைத் தண்டு போட்டு அவற்றின் கவனத்தைத் திருப்பப் பார்த்தாள். மேனேஜரை வீட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டால் அவர் கதவைப் பார்த்து ஓயாமல் ஊளையிட்டார், திரும்பக் கொல்லைக்கே கொண்டுவந்தோம். கூண்டிலிருந்து கோழிகளும் பாயிலிருந்து அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். அக்கா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். புண் மட்டும் ஓரத்தில் காய்ந்து கொஞ்சம் சுருங்கியதுபோல இருந்தது. அதுவும் என் ஆசைக்குத் தெரிந்ததாக இருக்கலாம்.

சனிக்கிழமை டாக்டரம்மா வரும் நேரத்தில் நான் வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்று லீவு சொல்லியிருந்தேன். காலையிலேயே போன் வந்துவிட்டது. ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஒரு கர்ப்பிணிப் பெண், வேறு ஆள் கைவசம் இல்லை. போகாமல் இருக்க முடியுமா? கிளம்பும்போது அக்காவிடம், "நான் வராம ஊசி போட விட்டுடாதக்கா" என்றேன். அவள் என்னைப் பார்க்காமல் தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலுக்குச் சரி என்றும் அர்த்தம், பார்க்கலாம் என்றும் அர்த்தம்.

மேலே மோட்டார் அறைக்கு ஏறி, லிஃப்ட்டைக் கையால் நகர்த்தப் பிரேக்கைத் தளர்த்தும்போது என் கை வழுக்கியது, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. கீழே கதவருகே வந்து அந்தப் பெண்ணிடம் பேசினேன்.

"ஒண்ணும் ஆகாதும்மா. மூச்சை நல்லா இழுத்து விடுங்க. இதோ, ரெண்டே நிமிஷம்."

"உங்க குரலே நடுங்குதே அண்ணே" என்றாள் உள்ளேயிருந்து.

அவளை வெளியே கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்ததும், கட்டடக்காரர் என்னவோ சொல்லச் சொல்லவே வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் டாக்டரம்மாவின் ஸ்கூட்டர் எங்கள் தெருவை விட்டுத் திரும்பி வருகிறதா என்றுதான் பார்த்தேன். எதிரே ஸ்கூட்டர் வந்தபோதெல்லாம் வேகத்தைக் குறைத்து ஓட்டுபவர் முகத்தைப் பார்த்தேன்.

வாசலில் ஸ்கூட்டர் இல்லை. வந்துவிட்டுப் போயிருப்பாரோ? கொல்லைக்கு ஓடினேன். கூண்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. கோழிகள் கொல்லை முழுக்கக் கிளறிக்கொண்டிருந்தன.

"ஏன்க்கா தெறந்துவிட்ட?"

அக்கா பாயின் ஓரத்தில், முதுகு வலியோடு தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மேனேஜரின் தலை அவள் தொடைமேல் இருந்தது.

"நீ சொன்னது நெஜமான்னு பாக்கணும்னு தோணுச்சு" என்றாள். "நான்தானே சொல்லிக் குடுத்தேன். இப்ப நானே சொல்றேன், கடிச்சுக்கோடா, தப்பில்லன்னு. காலையிலேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன். கேக்க மாட்டேங்குது."

அப்போதுதான் அவளுடைய வலது கையைப் பார்த்தேன். கட்டுப் பிரிந்து கிடக்க, புண்ணின் மேல் உள்ளங்கையை வைத்து மூடியிருந்தாள். டீச்சர் பக்கத்தில் நின்றுகொண்டு அந்தக் கையைக் கொத்திக்கொண்டிருந்தது. சலவைச் சோடாவில் மரத்துப்போன கைதான், ஆனாலும் விரல் முட்டியில் ரத்தம் பொடித்திருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"எடுக்கா கையை. நான் வெரட்டறேன்."

"இரு. பேசாம வந்து இது கழுத்துல கை வச்சுப் பாரு."

நான் மண்டியிட்டு மேனேஜரின் தொண்டையில் கையை வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. டீச்சர் தலையைச் சாய்த்து, அக்காவின் கையில் மறுபடி ஓங்கி ஒன்று போட்டது. என் உள்ளங்கைக்கு அடியில், அடியாழத்திலிருந்து, தன்னைக் கொத்தியபோது வராத ஓர் உறுமல் அதிர்ந்தது. அவர் உதடு ஒரு பக்கமாக ஏறி, மஞ்சள் படிந்த ஒற்றைப் பல் தெரிந்தது. கோழி கொஞ்சமும் மதிக்கவில்லை.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. டாக்டரம்மா கேட்டைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் இன்னொரு அடி முன்னால் வைத்தது.