அபூ ரக்கான் வீட்டில் குடித்த காப்பி

ஒன்பதாவது தாளைக் கஸ்ஸான் பிரிக்கும்போதே அறை சிரிக்கத் தயாராகிவிட்டது. முதல் எட்டுத் தாளுக்கும் அவன்தான் சிரிக்க வைத்திருந்தான்.

அம்மான் நகரத்துக் குடிநீர் நிறுவனத்தின் புகார்ப் பிரிவு அது. வாரம் ஒருநாள் வரவேண்டிய தண்ணீர் வராவிட்டால், நகரம் மொத்தமும் போன் போட்டு இவர்கள் காதில்தான் கத்தும். அந்தக் கத்தல் தாங்காமல் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனபிறகு, நிர்வாகத்துக்கு ஞானம் வந்து மனநலப் பட்டறை ஒன்றை வைத்தது. நடத்த வந்த டாக்டர் லுப்னா, மனதை அழுத்துகிற ஒரு விஷயத்தைப் பெயர் போடாமல் எழுதித் தரச் சொன்னார். வாசிக்க ஆள் கேட்டார். கஸ்ஸான் கை தூக்கினான். மேடை என்று ஒன்றைப் பார்த்தால் அவனுக்கு எப்போதுமே கை தானாக மேலே போகும்.

"என் மனைவி எட்டு மாதமாக என்னோடு பேசுவதில்லை" என்று இருந்தது ஒன்பதாவது தாளில். "அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று, படியேறும்போதே போனைக் காதில் வைத்து அவளோடு பேசுவதுபோல் நடிக்கிறேன்."

கஸ்ஸான் அதைத் தண்ணீர் வராத வீட்டுக்காரன் குரலில், மூக்கால் அழுதபடி வாசித்தான். மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆள் யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன்! நம்ம அபூ ரக்கான்!"

நடக்கவே முடியாததைச் சொன்னால்தானே நகைச்சுவை. அபூ ரக்கான் தினமும் பொங்கப் பொங்க மதியச் சாப்பாடு கொண்டுவருகிறவர். கத்திரிக்காயும் கோழியும் அடுக்கிய மக்லூபாவைத் திறந்துவைத்து, "வீட்டுல செஞ்சது, எடுத்துக்கோங்கப்பா" என்று ஊட்டாத குறையாகக் கொடுப்பவர். அறை குலுங்கியது. அபூ ரக்கானும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்தார், சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார், சிரித்துக்கொண்டே போனார். திரும்பி வரவில்லை.

அப்போதுதான் கஸ்ஸானுக்கு ஒன்று உறைத்தது. அந்தச் சாப்பாட்டை வீட்டில் யார் செய்தது என்று மனிதர் ஒருநாளும் சொன்னதில்லையே.

"டாக்டர், நான் செஞ்சது ரொம்பத் தப்பா?"

"உங்களுக்கு என்ன தோணுது?" என்றார் டாக்டர் லுப்னா.

"எனக்குத் தோணினதச் செஞ்சுதான் டாக்டர் இந்த நிலைமை."

அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். பிரிவுத் தலைவர் அபூ சினானிடம் கேட்டால், "விடுடா, பட்டறைன்னா நாலும் இருக்கும்" என்றார். மறுநாள் அபூ ரக்கானிடமே போய் நின்றான்.

"அபூ ரக்கான், நேத்து நான்..."

"அது நான் எழுதினது இல்லப்பா. உக்காரு, டீ குடி."

"இல்ல, எனக்குப் புரியுது, நீங்க..."

"நான் எழுதலங்கிறேன்ல." ஒலிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

அந்த ஒலிக்காத போன் மூன்று இரவு கஸ்ஸானைத் தூங்கவிடவில்லை. நான்காம் நாள் அவன் அந்த ஊர்க்காரன் செய்வதைச் செய்தான். காரை இடித்தாலும் பெண் கேட்டாலும் கொலையே விழுந்தாலும் அங்கே பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். காப்பி வரும். கேட்டது கிடைக்கும்வரை கோப்பையைத் தொட மாட்டார்கள். காப்பி ஆறுவதற்குள் எந்த வீட்டுக்காரனும் இறங்கி வந்துவிடுவான். வராவிட்டால் அவமானம் அவனுக்கு. இது கஸ்ஸானுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் போனான்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு அபூ சினானும் தாய்மாமன் ஹாஜி ஃபாலிஹும் முன்னே நடக்க, இவன் மேல்சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னே போனான். தெருவுக்குத் தண்ணீர் வரும் நாள். உள்ளே சலவை எந்திரம் கடகடத்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த அபூ ரக்கானின் முகத்தில் ஒரு கணம் எதுவுமே இல்லை. பிறகு வரவேற்றார். காப்பியை அவரே கொண்டுவந்தார்.

மாமனுக்குக் காது மந்தம். எதிரில் இருப்பவருக்கும் மந்தம் என்றுதான் பேசுவார்.

"அபூ ரக்கான்! எங்க பையன் புத்தி கெட்டுப்போய் உங்கள அவமானப்படுத்திட்டான்! உங்க வீட்டம்மா எட்டு மாசமா உங்களோட பேசறதில்லங்கிற விஷயத்த..."

"மாமா," என்றான் கஸ்ஸான்.

"...ஊர் சிரிக்க வாசிச்சிருக்கான்! மன்னிக்கறேன்னு சொல்ற வரைக்கும் இந்தக் காப்பி எங்க உதட்டத் தொடாது!"

சலவை எந்திரம் நின்றது. சலவை முடிந்து நின்ற ஓசை அல்ல. பாதியில் யாரோ நிறுத்திய ஓசை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு நிழல் அசையாமல் இருந்தது. கஸ்ஸான் கம்பளத்துப் பூக்களை எண்ணினான். பூக்களுக்குள் புகுந்துகொள்ள வழியிருந்தால் புகுந்திருப்பான்.

"குடிங்க," என்றார் அபூ ரக்கான். "உங்க கால் என் வீட்டுல பட்டதே பெருசு. மன்னிச்சாச்சு. குடிங்க."

மாமன் கடவுளைப் புகழ்ந்து ஒரே மடக்கில் குடித்தார். அபூ சினானும் குடித்தார். கஸ்ஸானும் குடித்தான். குடிக்காமல் வைத்தால் அது இன்னொரு வழக்காகிவிடும்.

பெரியவர்கள் படியிறங்கிவிட்டார்கள். வழியனுப்ப வந்த அபூ ரக்கானிடம் கஸ்ஸான் தணிந்த குரலில் கேட்டான்.

"அவங்க முன்னாடி வேற வழியில்லாமச் சொன்னீங்க. அது தெரியுது. நிஜமா மன்னிச்சீங்களா?"

அபூ ரக்கான் கதவைப் பின்னால் சாத்தினார். படியின் மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்.

"இல்ல. மன்னிக்கல," என்றார். "நான் எழுதலன்னு ரெண்டு தடவ சொன்னேன். நம்பின மாதிரி இருந்திருக்கலாம் நீ. உன்கிட்ட நான் கேட்டது அவ்வளவுதான். உன் நெஞ்சு லேசாகணும்னு என் வீட்டுக்குள்ள மூணு பேர் வந்து உக்காந்தீங்க. இப்ப அவ உள்ள நிக்கறா. நான் போய் என்ன சொல்லட்டும்? லீவு முடிஞ்சு ஞாயித்துக்கிழம ஆபீசுல உன்னோட சிரிச்சுத்தான் பேசுவேன். அத மன்னிப்புன்னு நெனச்சுக்காத."