டேரலின் வாசகர்கள்

என் தம்பி டேரல் பேச்சில் மகா கஞ்சன். அமெரிக்காவில் எங்கள் ஊரான யாங்க்டனின் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடும் வேலை. நாள் முழுக்கத் தலையசைத்தே ஓட்டிவிடுவான். அப்படிப்பட்டவன் கம்ப்யூட்டர் வாங்கிய வருஷமே ஒரு வலைப்பதிவு ஆரம்பித்தான். எங்கள் ஊரில் அப்போது அந்தச் சொல்லையே யாரும் கேட்டதில்லை. மிசௌரி ஆற்றில் மீன் பிடித்தது, பழைய பிக்கப் வண்டி மக்கர் பண்ணியது என்று எழுதுவான்.

"நீ மீன் பிடிச்ச கதையை எவன்டா படிப்பான்?" என்று அக்கா என்ற உரிமையில் கேட்டேன்.

"மூணு பேர் படிக்கிறாங்க லொரீன். ஒருத்தன் பெல்ஜியத்துல இருக்கான்."

"ஐயோ பாவம், அவனுக்கு வேற வேலையே இல்லையா?"

அவனும் சிரித்தான், அவன் மனைவி ரோண்டாவும் சிரித்தாள்.

ஈராக் போர் தொடங்கிய மறு வருஷம் அவன் பகுதிநேரச் சிப்பாயாக இருந்த நேஷனல் கார்டு படைப் பிரிவை அங்கே அனுப்பினார்கள். அங்கிருந்தும் எழுதினான். புழுதி, வெயில், கூடாரத்துக்குள் வந்த ஒட்டகச் சிலந்தி, எல்லாவற்றையும் வேடிக்கையாக எழுதினான். அதற்குள் வலைப்பதிவு எல்லா இடத்திலும் பரவியிருந்தது. போர்க்களத்திலிருந்து எழுதும் சிப்பாய்கள் என்று ஒரு பெரிய பத்திரிகை நாலைந்து பேரைக் குறிப்பிட்டது. டேரலும் அதில் ஒருவன். வாசகர்கள் ஆயிரக்கணக்கில் வந்துவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் அவனுக்குக் காலுறையும் பிஸ்கட்டும் அனுப்பினார்கள். ரோண்டா அவன் எழுதியதை அச்செடுத்துக்கொண்டு போய் சர்ச்சில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவாள்.

திரும்பி வந்தவன் இன்னும் பேச்சைக் குறைத்திருந்தான். எழுதுவதையும் விட்டுவிட்டதாகச் சொன்னான். வேலை விட்டு வந்ததும் நிலவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். ரோண்டா எதுவும் கேட்கவில்லை.

அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். ஒருநாள் அங்கே உடன் வேலை செய்கிறவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "டேரல் எழுதினதைப் படிச்சேன்டி. நீ எப்படித்தான் தாங்கிக்கிறியோ" என்றாளாம். ரோண்டா நேராக நூலகத்துக்குப் போய் அங்கிருந்த கம்ப்யூட்டரில் அவன் வலைப்பதிவைத் திறந்தாள்.

அவன் எழுதுவதை நிறுத்தியிருக்கவில்லை. ஈராக்கில் ஒரு சோதனைச் சாவடியில் ஒரு கார் நிற்காமல் வந்திருக்கிறது. இவன் சுட்டிருக்கிறான். ஓட்டியவரும் பின்னால் இருந்த மகளும் செத்துப்போனார்கள். அந்தப் பெண் மடியில் ஓர் அட்டைத் தட்டு நிறைய முட்டை. அதில் ஒன்றுகூட உடையவில்லை என்று எழுதியிருந்தான். கீழே நூற்றுக்கணக்கான பின்னூட்டங்கள். பாதிப் பேர் அவனை வீரன் என்றார்கள், மீதிப் பேர் கொலைகாரன் என்றார்கள்.

அங்கிருந்து என் வீட்டுக்குத்தான் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஊரு உலகத்துக்கே தெரிஞ்சிருக்கு லொரீன். கூடப் படுக்கிற எனக்குத் தெரியல."

"அவன்கிட்ட கேளு."

"கேட்டா அதையும் நிறுத்திடுவான்."

அவள் செய்தது வேறு. மார்த்தா என்ற பொய்ப்பெயரில், ஒமாஹா நகரத்து நர்ஸ் என்று சொல்லிக்கொண்டு பின்னூட்டம் எழுதினாள். டேரல் பதில் எழுதினான். பிறகு இருவரும் தனியாக மின்னஞ்சல் எழுதிக்கொண்டார்கள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் சொல்லாததையெல்லாம் மார்த்தாவிடம் சொன்னான். மனைவி தினமும் காலையில் முட்டை பொரித்து வைக்கிறாள், என்னால் அதைத் தொட முடியவில்லை, அவள் கிளம்பியதும் நாய்க்குப் போட்டுவிடுகிறேன் என்றான். அவளிடம் சொன்னால் அவள் பார்க்கிற பார்வை மாறிவிடும், அந்தப் பார்வைக்காகத்தான் உயிரோடு திரும்பி வந்தேன் என்றான்.

மறுநாள் ரோண்டா முட்டை பொரிக்கவில்லை. ஓட்ஸ் கஞ்சி வைத்தாள். அதற்கடுத்த நாளும் கஞ்சிதான். டேரல் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்திருக்கிறான்.

"ஒமாஹாவுல குளிர் எப்படி இருக்கு, மார்த்தா?"

அவள் அழுதாள். "உனக்கு உதவியா இருக்கும்னுதான் செஞ்சேன். என் பார்வை மாறிடுச்சா, சொல்லு? மாறிடுச்சா?"

"ஒரே ஒரு இடம்தான் இருந்துச்சு ரோண்டா, எனக்கு." அவ்வளவுதான் சொன்னான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் எழுதியதையெல்லாம், மீன் கதைகள் உட்பட, அழித்துவிட்டான். நான் போய்க் கதவைத் தட்டினேன். "அந்தக் கதை முடிஞ்சுபோச்சு, லொரீன். போயிட்டு வா" என்றான். வசந்தத்தில் வயோமிங் மாநிலத்தில் லாரி ஓட்டும் வேலை கிடைத்து அங்கே போனான். ரோண்டா போன் செய்தால் எடுத்து, வானிலை மட்டும் பேசுவான். அடுத்த பனிக்காலத்தில், நெடுஞ்சாலையோரம் நிறுத்தியிருந்த லாரிக்குள் இறந்து கிடந்தான். அவனே தேடிக்கொண்ட சாவு என்று போலீஸ்காரர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

இறுதிச் சடங்குக்கு ஊர்க்காரர்கள் வந்தார்கள். கூடவே நாங்கள் பார்த்தே இராத இருபது முப்பது பேர் வந்துவிட்டார்கள். டல்சாவிலிருந்து ஒரு கணவன் மனைவி, சிகாகோவிலிருந்து ஒரு கல்லூரி வாத்தியார், சக்கர நாற்காலியில் ஒரு பழைய சிப்பாய். எங்கள் ஊர் நாளிதழின் இணையப் பக்கத்தில் அவன் இறந்த செய்தியைப் பார்த்தார்களாம். எங்களைவிட உரக்க அழுதார்கள். டல்சாக்காரர் என் கையைக் குலுக்கி, "நீங்கதான் லொரீனா? உங்களைப் பத்தி நிறைய எழுதியிருக்காரே" என்றார். என்ன எழுதினான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே அவரை அடித்திருப்பேன் என்று தோன்றியது.

"அவங்களைப் போகச் சொல்லு" என்றாள் ரோண்டா.

"எவ்வளவோ தூரத்துலேர்ந்து வந்திருக்காங்கடி."

"இவனை இவங்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தாங்கல."

அவர்களை நான் அனுப்பவில்லை. சர்ச் கூடத்தில் உட்காரவைத்து ஹாம் சாண்ட்விச்சும் காபியும் கொடுத்தேன். அவர்கள் டேரலைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ரோண்டா வெளியே காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கடைசி ஆள் கிளம்பும்வரை உள்ளே வரவே இல்லை.