ரயிலிலிருந்து தெரிய வேண்டிய பெயர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே இருந்தவர்கள் ஏழு பேர். எல்லோரும் பெரியவர் என்று கூப்பிடுகிற மரக்கடைக் குடும்பத்தின் மூத்தவர், அவருடைய தம்பி, இருவருக்கும் இளையவளான தங்கை, கட்டட நிறுவனத்தின் மேனேஜர், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், கீழ்த்தளத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மா, வாசலில் ஏணியோடு நின்ற வெல்டர். தாங்களும் அங்கே இருந்ததாகப் பிறகு சொல்லிக்கொண்டவர்களைச் சேர்த்தால் ஒரு ரயில் பெட்டி நிறைந்துவிடும். இருந்தது ஏழு பேர்தான்.

இடம், ரயில் நிலையத்தின் மதிலை ஒட்டி நிற்கும் மரக்கடை வளாகம். மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பம் மரம் அறுத்து விற்ற நிலத்தில் எழுந்த எட்டு மாடிக் கட்டடம். மேலே ஆறு மாடி வீடுகள், கீழே இரண்டு மாடி கடைகளும் அலுவலகங்களும். இறங்கினால் காய்கறி, திரும்பினால் டாக்டர், படியேறினால் ரயில், இனி உங்களுக்கு வண்டியே வேண்டாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. இன்றைக்கு அங்கே வண்டி இல்லாதவன் கையொடிந்தவன் மாதிரி.

நிலத்தை விற்றபோது பெரியவர் இரண்டே இரண்டு நிபந்தனை வைத்தார். கட்டடத்துக்குக் குடும்பத்தின் பெயர் இருக்க வேண்டும், அது ஓடுகிற ரயிலிலிருந்து படிக்க முடிய வேண்டும் என்பது ஒன்று. தெருவிலிருந்து நடைமேடைக்கு யார் வேண்டுமானாலும் நடந்து போகிற வழி கட்டடத்தின் நடுவே இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. அவருடைய அப்பா காலத்திலிருந்தே ஜனங்கள் மரக்கடைக்குள் புகுந்துதான் ரயிலுக்குப் போவார்கள். அறுத்த மரத்தூளை மிதித்துக்கொண்டு போவார்கள், யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

முதல் நிபந்தனை நிறைவேறியது. வாசல் வளைவின் மேல் ஆளுயர எஃகு எழுத்துகளில் 'மரக்கடை வளாகம்' என்று நிற்கிறது. அந்த எழுத்துகளை இறக்குவதற்காகத்தான் பெரியவர் அன்று வெல்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

காரணம் தையல்கடையில் நடந்தது. இரண்டு வாரத்துக்கு முன் சட்டைக்கு அளவு கொடுக்கப் போயிருந்தார். அவருக்கு முன்னால் நின்ற ஆள் கோணலாகத் தைத்த பையை விரலால் இழுத்துக் காட்டி, தையல்காரரிடம் சொன்னார்:

"என்னப்பா இது, சுத்த மரக்கடை வேலையா இருக்கு?"

தையல்காரருக்குப் பெரியவரைத் தெரியும். அந்த ஆளுக்குத் தெரியாது. தையல்காரர் ஊசியைக் கீழே போட்டுவிட்டு அதைத் தேடுகிற சாக்கில் மேசைக்கு அடியில் போய்விட்டார். பெரியவர் அளவு கொடுக்காமலே வீட்டுக்கு வந்தார். வழியில் யோசித்துப் பார்த்தபோது அந்தச் சொல் புதிதில்லை என்று தெரிந்தது. பால்கடையில் ஒருத்தி சொன்னது, பேருந்தில் இரண்டு பிள்ளைகள் சிரித்துக்கொண்டது எல்லாம் அதுதான். உருப்படாத வேலைக்கெல்லாம் ஊரில் ஒரு பெயர் கிடைத்துவிட்டது, அது அவருடைய தாத்தா சம்பாதித்த பெயர்.

நான்கு வருடத்தில் அவர் உள்ளே நுழைந்து பார்த்ததில்லை. திறப்பு விழாவில் மாலை போட்டார்கள், வாசலிலேயே வாங்கிக்கொண்டு திரும்பினார். அதன் பிறகு ரயிலில் போகும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எழுத்துகளைப் படிப்பதோடு சரி. அன்றுதான் முதல்முறையாக உள்ளே போனார்.

வாடை முதலில் வந்து வரவேற்றது. தரையடியில் வண்டி நிறுத்துகிற இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கி, அதன்மேல் எண்ணெய் வானவில் போலப் படர்ந்திருந்தது. கொசு வந்து முகத்தில் மொய்த்தது. கீழ்த்தளத்தில் முப்பத்தாறு கடைகளில் முப்பது பூட்டிக் கிடந்தன. வெறுமை தெரியாமலிருக்கக் கண்ணாடிக் கதவுகளில் சிரிக்கிற குடும்பங்களின் படங்களை ஒட்டியிருந்தார்கள். ஈரத்தில் காகிதம் உரிந்து, ஒரு பெண்ணுக்கு முகம் பாதிதான் இருந்தது, பல் மட்டும் முழுசாக இருந்தது. பளிங்கு என்று சொன்ன சுவர் பளிங்கு இல்லை. பளிங்கு மாதிரி அச்சிட்ட தகடு. மூலையில் பிய்ந்து தொங்கியது. பெரியவர் அதைக் கைத்தடியால் தொட்டார், இன்னும் ஒரு முழம் உரிந்து வந்தது. கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, உனக்கும் மூக்கு இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்றாள் தங்கை. அவள் ஐந்தாவது மாடியில் மூன்று வருடமாகக் குடியிருப்பவள். இந்த வாடையைப் பற்றி அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், அவர்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெண்கள் எதற்கும் குறை சொல்வார்கள் என்று இருந்துவிட்டார்.

"வழியைப் பாக்கணும்" என்றார் பெரியவர்.

மேட்டில் இருக்கும் நடைமேடைக்கு ஏறுகிற படிக்கட்டு அகலமாகத்தான் இருந்தது. ஏறும்போது தம்பிக்கே கொஞ்சம் தெம்பு வந்து, பரவாயில்லையே என்றான். ஆனால் நாற்பத்திரண்டு படி ஏறி முடித்த இடத்தில் ஒரு இரும்புக் கம்பிக் கதவு இருந்தது, கதவில் துருப்பிடித்த பூட்டு இருந்தது. போக்கிடம் இல்லாத படிக்கட்டை ஜனங்கள் எதற்குப் பயன்படுத்துவார்களோ அதற்குப் பயன்படுத்தியிருந்தார்கள். சுவரெல்லாம் எச்சில், மூலையெல்லாம் மூத்திரம். கம்பிக்கு அந்தப் பக்கம் எட்டித் தொடுகிற தூரத்தில் நடைமேடை.

அப்போது ஒரு ரயில் வந்து நின்றது. இறங்கிய ஒருவர் பெட்டியை இழுத்துக்கொண்டு கம்பியருகில் வந்து, இந்தப் பக்கமாக வெளியே போகலாமா என்று பெரியவரைக் கேட்டார். முடியாது என்றார் பெரியவர். பின்னே எதற்கு இவ்வளவு பெரிய படி என்று கேட்டார் அந்த ஆள். கூண்டுக்குள் இருக்கிற மிருகத்தைப் பார்ப்பதுபோல் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த ஆள் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு போனார். அந்தச் சுற்று இருபது நிமிட நடை. பாதி தூரத்துக்கு நடைபாதையே கிடையாது.

கூட்டம் முதல் மாடியில், நூலகம் என்று பலகை தொங்கிய அறையில் நடந்தது. அலமாரிகள் இருந்தன. ஒரு புத்தகம்கூட இல்லை, சிமெண்டு மூட்டைகளும் உடைந்த கழிவறைத் தொட்டி ஒன்றும் இருந்தன. தொட்டியைக் காட்டி, இந்த நூலகத்துக்கு இதுவரை வந்து சேர்ந்த ஒரே புத்தகம் இதுதான் என்றார் செயலாளர். அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வாய் சும்மா இருக்காது.

மேனேஜர் சிரித்த முகக்காரர். லிப்ட், மோட்டார், கசிவு என்று செயலாளர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் கவனத்தில் இருக்கிறது என்றே பதில் சொன்னார். கதவைப் பற்றிக் கேட்டபோது, கதவு எங்களுடையது, பூட்டு ரயில்வேக்காரர்களுடையது, அவர்கள் அனுமதி தராமல் நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார். அனுமதி கேட்டீர்களா என்று தங்கை கேட்டாள். கேட்கிற கட்டத்தில் இருக்கிறோம் என்றார். நான்கு வருடமாக அதே கட்டத்தில்தான் இருக்கிறார்கள் என்று புரிந்தது.

பெரியவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். குடும்பத்தின் மூத்தவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தராமல் பெயரை யாரும் அகற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் போட வைத்ததே அவர்தான். இப்போது அதை எழுதி எடுத்து வந்திருந்தார்.

"எங்க தாத்தா பேரு இந்தச் சாக்கடைமேல நிக்க வேண்டாம். இன்னைக்கே இறக்கறேன். ஆளும் ஏணியும் வாசல்ல இருக்கு."

தம்பி பதறினான். "அண்ணே, அவசரப்படாதே. ரயில்ல போறவன் அத்தனை பேரும் நம்ம பேரைப் படிக்கிறான்."

"படிச்சிட்டுத் துப்பறான்" என்றார் பெரியவர்.

மேனேஜர் மறுத்துப் பேசுவார், கெஞ்சுவார் என்று பெரியவர் எதிர்பார்த்திருந்தார். அதற்குப் பதிலாக மேனேஜரின் கை தாளை வாங்கப் பறந்து வந்தது. முகத்தில் அவ்வளவு பூரிப்பு.

"நீங்களே சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு ஐயா. உண்மையைச் சொன்னா, இந்தப் பேரை வெச்சுக்கிட்டு பக்கத்துல வர்ற ரெண்டாவது கட்டடத்துல ஒரு வீடு விக்க முடியலை. புதுப் பேரெல்லாம் தயாரா இருக்கு. பேர் மாறினா ஜனங்க பழசை மறந்துடுவாங்க."

பெரியவரின் கை நடுவழியில் நின்றது.

மருந்துக்கடை அம்மா அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மருந்துக்கு வருவதில்லை, ரயிலுக்கு எப்படிப் போவது என்று கேட்கத்தான் வருகிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், 'ரயிலுக்கு வழி இல்லை, மருந்து உண்டு' என்று எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறார். சேமிப்பையெல்லாம் அந்தக் கடையில் போட்டவர். அந்த வழியில் தினம் பத்தாயிரம் பேர் நடப்பார்கள் என்று சொன்னதை நம்பி வந்தவர்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? நான் ஏன் இங்க கடை எடுத்தேன்னு உங்களுக்குத் தெரியுமா? கட்டின கம்பெனியை எனக்கு யாருன்னே தெரியாது. மேல உங்க பேரு இருந்துச்சு. மரக்கடைக்காரங்க சொன்னா சொன்னதுன்னு எங்க வீட்டுல சொன்னாங்க. நீங்க பாட்டுக்குப் பேரைக் கழட்டிட்டுப் போயிடுவீங்க. நாங்க எதைக் கழட்டிட்டுப் போறது?"

பெரியவரை முந்திக்கொண்டார் மேனேஜர். வழியைப் பற்றி ஐயாவுக்கே பெரிய அக்கறை இருந்ததில்லை என்று சொல்லிக்கொண்டே கோப்பைத் திறந்தார். பெரியவர் எழுதிய கடிதங்கள் பதினொன்றும் அதில் வரிசையாக இருந்தன. எழுத்தின் உயரம் போதாது என்று ஒன்று. எஃகு பளபளக்கவில்லை என்று ஒன்று. மரக்கிளை ஓர் எழுத்தை மறைக்கிறது, வெட்டுங்கள் என்று மூன்று. பதினொன்றும் பெயரைப் பற்றி. வழியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அடுத்து ஒப்பந்தத்தின் முப்பத்தோராம் பக்கத்தைக் காட்டினார். வழி, ரயில்வே அனுமதி கிடைத்தால் மட்டும் என்று அதில் இருந்தது. பெயரைப் பற்றிய பக்கத்தைப் பெரியவர் ஐந்து தடவை அடித்துத் திருத்தி எழுத வைத்திருந்தார், நான்கு மாதம் அதற்கே போனது. இந்தப் பக்கத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. கீழே அவருடைய கையெழுத்து மட்டும், அழகாக, நிதானமாக.

"படிக்காமலே போட்டியா அண்ணே?" என்றாள் தங்கை. குரலில் கேலி இல்லை.

"படிக்கலை."

அதுவரை கட்டடத்தின்மேல் இருந்த அருவருப்பு அப்படியே திரும்பி அவர்மேல் வந்து உட்கார்ந்தது. மாடிப்படி நாற்றம் கைக்குட்டையில் ஏறியிருந்தது, கைக்குட்டை அவர் கையில் இருந்தது. வாசலை விற்றுவிட்டுப் பலகைக்குப் பேரம் பேசிய ஆள் வேறு யாருமில்லை. அப்பா ஒரு பலகைகூட மாட்டியதில்லை. யாரோ எவரோ நடந்து போகட்டும் என்று கதவைத் திறந்து வைத்திருந்தார், அதனால் ஊர் அவர் பெயரைச் சொன்னது. இதெல்லாம் அவருக்குத் தெரியாததல்ல. நினைத்துப் பார்க்க அவசியம் வராமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

தாளை நான்காகக் கிழித்தார். கிழித்த துண்டுகளை மேனேஜரின் கோப்பின்மேல் வைத்தார்.

"பேரு இருக்கட்டும்."

தம்பிக்கு முகம் மலர்ந்தது. "அதானே பாத்தேன். நம்ம பேரை நாமளே இறக்கறதாவது."

"நீ வாயை மூடு" என்றார் பெரியவர். "பெருமைக்கு இருக்கட்டும்னு சொல்லலை. திட்டறவனுக்கு யாரைத் திட்டறோம்னு தெரியணும். இவங்க பேரை மாத்திட்டா அதுவும் தெரியாமப் போயிடும். அந்தப் பூட்டு திறக்கிறவரைக்கும் அது அங்கேயே நிக்கட்டும்."

மேனேஜர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். எழுத்துகளைப் புதுப்பித்துத் தருகிறோம், கொஞ்சம் சின்னதாக்கி உள்பக்கம் வைக்கிறோம் என்றார். பெரியவர் எழுந்துவிட்டார். போகும்போது மருந்துக்கடை அம்மாவின் முன் நின்று, மன்னிப்பு என்ற வார்த்தை தன் வாயில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடினார். எழுபத்தைந்து வருடத்தில் அதை எடுத்துப் பழக்கமில்லை. "தப்பு என்னுதும்மா" என்று மட்டும் வந்தது. அந்த அம்மா தலையை ஆட்டினார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, கடையைத் திறக்க நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

வாசலில் வெல்டர் ஏணியைச் சாய்த்து, முதல் எழுத்துவரை ஏறியிருந்தார். இறங்கச் சொன்னார் பெரியவர்.

பன்னிரண்டாவது கடிதத்தை அவர் அடுத்த நாள் எழுதினார், ரயில்வேக்கு ஒன்றும் நிறுவனத்துக்கு ஒன்றுமாக. அதில் கதவையும் படியையும் பூட்டையும் தவிர வேறெதுவும் இல்லை. தங்கை எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தாள். இருவருமாக ரயில்வே அலுவலகத்துக்குப் போனார்கள். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து வேறு ஊருக்கு அனுப்பினார்கள். இதுவரை ஆறு தடவை போய் வந்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் எந்தக் கட்டடம் என்று கேட்கிறார்கள். அவர் பெயரைச் சொல்கிறார். கேட்கிறவர்கள் வாயோரம் ஒரு சிரிப்பு வருகிறது. அவர் தலை குனியாமல் நிற்கிறார்.

இரண்டாவது கட்டடத்துக்கும் தன் குடும்பப் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் பெரியவர் அன்று ஏணியைத் திருப்பி அனுப்பினார் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மை இல்லை. அவர் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை. பூட்டு இன்னும் திறக்கவில்லை, அதனால் பெயர் இருக்கிறது.