யூசுப்பின் வலி

திரவியம் பொய் சொல்கிறார் என்று முதல் பதிலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் புருஷன்தானே!

தம்பானூரில் ஒரு ஹோட்டலில் அவர் பரோட்டா மாஸ்டர். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆட்டோவில் அள்ளிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். டாக்டர் அஸ்வதி, சின்ன மலையாளத்துப் பெண், அவர் நெஞ்செலும்பை விரலால் அமுக்கினாள்.

"இங்க அமுக்கினா வேதனை உண்டா?"

"ஐயோ, அங்கதான்! மாவு அடிக்கிற வலி டாக்டர். கையத் தூக்கினா கூடும்."

கூட வேலை பார்க்கும் யூசுப் போன வாரம் இதே ஆஸ்பத்திரியில் சொன்ன பதில் அது. அவனுக்கு நிஜமாகவே சதைப்பிடிப்பு. இரண்டு மாத்திரையோடு சாயங்காலமே பரோட்டாக் கல்லுக்குத் திரும்பிவிட்டான். அதையே இந்த மனுஷன் ஒப்பித்துக்கொண்டிருந்தார். இதய நோய் என்று தெரிந்தால் முதலாளி கல் பக்கம் விடமாட்டார், மேசை துடைக்கத்தான் விடுவார். அந்தப் பயம்.

"சாப்பிட்டா நெஞ்சு எரியுமா? புளிச்ச ஏப்பம்?"

"இல்ல."

"படி ஏறும்போ?"

"ஒண்ணும் கிடையாது."

ஒன்றும் கிடையாதாம்! எங்கள் வீடு மூன்றாம் மாடி. ஒரு மாதமாக மாடிக்கு மாடி நின்று போன் பார்ப்பதுபோல் நடிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நாலு பேர் முன்னால் புருஷனை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. நாசமாய்ப் போன பழக்கம்.

இ.சி.ஜி. நார்மல் என்று வந்தது. அவர் சட்டைப் பொத்தானைப் போட்டார். நான் வராந்தாவுக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். திரும்ப உள்ளே வந்தேன். டாக்டர் மாத்திரை எழுதப் பேனாவை எடுத்தாள்.

"எழுதாதீங்க டாக்டரம்மா! அது இவரு வலி இல்ல, யூசுப்போட வலி. படி ஏறினா இவரு நிக்காரு. வேர்த்துக் கொட்டுது. இடது கையத் தேய்ச்சுவிடுறது நான்தான்."

"ஏட்டி, வாய மூடு!"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டாள். "ஒரு இ.சி.ஜி. போதாது சேட்டா. ரெண்டு தடவை பிளட் டெஸ்ட் எடுக்கணும். அதுவரை எழுந்திரிக்கக் கூடாது."

மூன்று மணி நேரம் அவர் சுவரையே பார்த்துப் படுத்திருந்தார். கடவுளே, நான் சொன்னது தப்பாகப் போகட்டும், ஆயுசுக்கும் திட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று வேண்டினேன்.

இரண்டாவது ரிப்போர்ட்டோடு டாக்டர் ஓட்டமும் நடையுமாக வந்தாள். பின்னால் ஸ்ட்ரெச்சர். "ஹார்ட்தான் சேச்சி. வீட்டுக்குப் போயிருந்தா..." என்று ஸ்ட்ரெச்சரைக் கட்டிலோடு சேர்த்தாள்.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தபோதுதான் அவர் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"பொன்செல்வி, நான் இன்னும் என்னென்ன மறைச்சேனோ, எல்லாத்தையும் அவங்ககிட்ட சொல்லிரு."

கூட ஓடிக்கொண்டே சொன்னேன்.