பலராமன் சரி சொல்லவில்லை

ஆரணியில், தறிக்காரர்களுக்குக் கொடுக்கும் ஜரிகையைக் கணக்கு வைக்கப் பட்டுக்கடைகளுக்கு மென்பொருள் எழுதும் அந்தச் சின்ன ஆபீசில் பலராமனுக்கென்று இருந்த பெருமை ஒன்றுதான்: கடைசியில் அவன் சரி சொல்ல வேண்டும். டெஸ்டிங் தொடங்கும்வரை யார் வேண்டுமானாலும் பிழை திருத்தலாம். தொடங்கிவிட்டால், கடையின் வேலையையே நிறுத்துகிற பிழையை மட்டும்தான். ரிலீசுக்கு முந்தின வாரமென்றால் அதற்கும் விதிவிலக்கு, ஆபீஸ் பேச்சில் எக்ஸப்ஷன், கேட்டு அவன் முன்னால் நிற்க வேண்டும். முதலாளி சக்கரவர்த்தியே வந்தாலும் அதே கதைதான்.

அந்தப் பெருமையில் மண் விழுந்தது சிவசங்கரி வந்த பிறகுதான். கலசப்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பெண். நேற்று முளைத்த காளான். அதற்குள் முதலாளி எதற்கெடுத்தாலும் "சங்கரிய கேளு" என்கிறார். வருஷக்கணக்காக மாடு மாதிரி உழைத்தவனுக்கு வயிறு எரியுமா, எரியாதா? அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால்கூட எரிந்தது.

ரிலீசுக்கு முந்தின வாரம் அவள் வந்து நின்றாள்.

"அண்ணா, ஒரு எக்ஸப்ஷன் வேணும். முள்ளிப்பட்டுல ஒரே வீட்ல ரெண்டு தறி போட்டுகினு இருக்காங்க. ரெண்டாவது தறிக்குக் குடுத்த ஜரிகைய ஏத்துனா, மொதல் தறி கணக்கு அழிஞ்சி போவுது. திருத்தி வச்சிட்டேன்."

பலராமன் அவள் திருத்தியதைத் திறந்து பார்த்தான். பிழை அவன் எழுதிய வரியில் இருந்தது. சரி சொன்னால் அவன் தப்பை அவள் திருத்தினாள் என்று ஆகும். முதலாளி இன்னும் நாலு பேரிடம் அவளைப் புகழ்வார்.

"ரெண்டாவது தறிய வேற பேர்ல ஏத்துனா வேலை நடக்குது இல்ல? அப்போ கடை நிக்கல. எக்ஸப்ஷன் கெடையாது," என்றான். "வேணும்னா கடைக்காரங்களுக்கு நீயே சொல்லிடு."

விதிப்படி அதில் ஓட்டை இல்லை. ஆனால் பேசியது விதி அல்ல, வயிற்றெரிச்சல். அவள் முகம் சுளிக்காமல் "சரிண்ணா" என்று போய்விட்டாள்.

சொன்னபடியே செய்தாள். ஒவ்வொரு கடைக்கும் போன் போட்டாள். புரியாதவர்களின் கடைக்கே போய் உட்கார்ந்து ஏற்றிக் காட்டினாள். அவர்கள் டீ வாங்கிக் கொடுத்து, மற்ற குறைகளையும் சொல்லி அழுதார்கள். ரிலீஸ் ஆன பிறகு ஆபீசுக்கு வந்த போனெல்லாம் சங்கரியைத்தான் கேட்டது.

முதலாளி பலராமனைக் கூப்பிட்டார். "கடைக்காரங்க நெலவரம் அந்தப் பொண்ணுக்குத்தான் தெரியுது. இனிமே எக்ஸப்ஷனுக்கு சரி சொல்றத சங்கரி பாக்கட்டும். நீ மொதல்ல அந்த ரெண்டு தறி பிரச்சனைய முடி."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ரிலீஸ் ஆன பிறகு கை வைப்பதற்கும் விதிவிலக்கு வேண்டும். அவள் கிளப்பப்போகும் கேள்விகளுக்கெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு அவள் மேசை முன்னால் போய் நின்றான்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. சரி என்று அழுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அது யாரு எழுதுனதுன்னு நான் யார்கிட்டயும் சொல்லலண்ணா."

முடியாது என்று சொல்லியிருந்தால், அவளைத் திட்டுவதற்காவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். அதையும் அவள் கொடுக்கவில்லை.