மாப்பிள்ளை தேறிவிட்டார்

அந்த மருத்துவமனையில் அவளுக்கு ஹார்ட்டக்கா என்று பெயர். நர்ஸுகள் வைத்த பெயர். சி.டி. ஸ்கேன் அறையில் நாலைந்து பேர் வேலை பார்த்தாலும் இதயத்தை ஸ்கேன் எடுக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தலையும் வயிறும் சொன்னபடி கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். இதயம் அப்படியா? ஒரு கணம் சும்மா இருக்காது. துடிப்பு கொஞ்சம் எகிறினாலும் படம் கலங்கிப்போகும். மாத்திரை கொடுத்துத் துடிப்பை இறக்கி, கையில் ஏற்றிய மருந்து இதயத்துக்கு வந்து சேரும் நேரம் பார்த்து, நோயாளி மூச்சைப் பிடித்திருக்கிற அந்தச் சில நொடிக்குள் எடுத்துவிட வேண்டும். அதோடும் தீராது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு ரத்தக்குழாயாகப் பிரித்து, நீட்டி, அடைப்பு இருந்தால் டாக்டர் கண்ணுக்குப் படும்படி ஒழுங்குபண்ணி அனுப்ப வேண்டும்.

இவ்வளவு தெரிந்து வைத்திருந்ததே அவள் காலுக்கு விலங்காகிப்போனது.

கணவனும் மகள் குட்டியும் வேறு ஊரில் இருந்தார்கள். அந்த ஊரிலும் இதே மருத்துவமனைக்கு ஒரு கிளை உண்டு. மாற்றல் கேட்டுப் போய் நிற்கும்போதெல்லாம் துறைத் தலைவர் வாய் நிறையச் சிரிப்பார். "தாராளமா போங்கம்மா, யாரு வேணாம்னது? உங்க இடத்துக்கு ஒரு ஆளைத் தயார்பண்ணிட்டுப் போங்க."

முதலில் ஒரு பையனைத் தயார்பண்ணினாள். சான்றிதழ் கைக்கு வந்ததும் அவன் வெளிநாட்டுக்குப் பறந்துவிட்டான். அடுத்து ஒரு பெண். கல்யாணம் முடிந்த கையோடு அவளும் வேலையை விட்டுவிட்டாள். ஹார்ட்டக்கா மட்டும் ஜன்னல் இல்லாத அந்தக் கீழ்த்தள அறையிலேயே கிடந்தாள். அங்கே செல்போனுக்கு சிக்னல் கிடையாது. லிஃப்டுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றால் ஒரு கோடு வரும். மகளின் பள்ளிக்கூட ஆண்டு விழாவை அங்கே நின்று வீடியோ காலில்தான் பார்த்தாள். பாட்டு பாதியிலேயே உறைந்து, குட்டி வாயைத் திறந்தபடி நின்றாள். ஆரம்பத்தில், "எப்பம்மா வருவே?" என்று தினமும் கேட்ட பிள்ளை இப்போதெல்லாம் கேட்பதை விட்டுவிட்டாள்.

மூன்றாவதாக வந்தவர் எக்ஸ்ரே பிரிவின் மாப்பிள்ளை. தினமும் சட்டையை மொடமொடவென்று தேய்த்துப் போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வருவதால் அந்தப் பெயர். அவளைவிட நாலைந்து வயது மூத்தவர், வேலையில் கெட்டிக்காரர். இந்தத் தடவை கரை சேர்ந்துவிடலாம் என்று அவள் நம்பினாள்.

ஆனால் ஆள் தேறவே இல்லை. பழைய நோயாளிகளின் படங்களைப் பயிற்சிக்குக் கொடுத்தால் தமனியை விட்டுவிட்டுச் சிரையைப் பிடித்துக்கொண்டு போவார். துடிப்பின் எந்தக் கட்டத்தில் படம் தெளிவாக இருக்கிறது என்று கேட்டால் இருப்பதிலேயே கலங்கலானதைக் காட்டுவார். "மண்டையில ஏற மாட்டேங்குது டீச்சர்" என்று தலையைச் சொறிவார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிடப் போனவள், பர்ஸை மறந்துவிட்டதால் பாதி வழியிலேயே திரும்பி வந்தாள். கதவின் சதுரக் கண்ணாடி வழியே பார்த்தால் மாப்பிள்ளை கம்ப்யூட்டர் முன் தனியாக உட்கார்ந்திருந்தார். வாய் ஏதோ மெட்டை முணுமுணுத்தது. மவுஸ் விறுவிறுவென்று ஓடியது. மூன்று முக்கியக் குழாய்களும் திரையில் துல்லியமாகப் பிரிந்து, நீண்டு, வரிசையாக நின்றன. காலையில்தான் அவர் சொதப்பிய அதே படங்கள்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்னண்ணா நாடகம் இது?"

திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு மெல்லத் திரையை அணைத்தார். "பாத்துட்டீங்களா?"

"தெரியாத மாதிரி நடிக்கத்தான் இவ்வளவும் கத்துக்கிட்டீங்களா?"

"தப்பு பண்ணணும்னா எது சரின்னு தெரிஞ்சிருக்கணும்ல டீச்சர்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பின் மேலேயே ஆத்திரமும் வந்தது. "எம் பொண்ணு என்னைப் பாத்து எத்தனை மாசமாச்சு தெரியுமா உங்களுக்கு? ஏன் இப்படிப் பண்றீங்க?"

"உங்களைப் பாத்துத்தான்" என்றார் அவர். "எக்ஸ்ரேல ரெண்டு மணி ஆனா கையைக் கழுவிட்டுக் கிளம்பிடலாம். எங்கப்பா படுத்த படுக்கை. ஒரு பக்கம் கை கால் விழுந்துடுச்சு. ரெண்டரைக்கு என் சம்சாரம் வேலைக்குப் போயாகணும். நான் போய்த்தான் அவரைத் திருப்பிப் படுக்க வைக்கணும், துடைச்சு விடணும். இந்த வேலை தெரிஞ்சிருச்சுன்னா விடுவாங்களா? நெஞ்சுவலின்னு ஒரு ஆள் வந்தாப் போதும், குளிச்சிட்டு இருந்தாலும் உங்களைக் கூப்பிடுறாங்க. நான் பாக்கலையா?"

"அப்ப நான் இங்கேயே கிடந்து சாகணுமா?"

"தலைவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார் அவர். தேய்த்த சட்டையின் நுனியை விரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

அவள் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் இருப்பதும் லேசாக இல்லை. ஸ்கேன் எடுக்கும்போது, சாப்பிடும்போது, லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று கணவனோடு பேசும்போதுகூட அது நினைப்பை விட்டுப் போகவில்லை. முகம் தெரியாத ஒரு கிழவர் படுக்கையில் கதவைப் பார்த்துக்கொண்டு கிடப்பது தெரிந்தது. அவரை நினைத்தால் குட்டி வந்தாள். குட்டியை நினைத்தால் அவர் வந்தார்.

வார முடிவில் துறைத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். "என்னம்மா, ஆளு தேறிட்டாரா? இல்லைன்னா வேற ஆள்தான் தேடணும். அதுக்கு நாளாகும்."

'நாளாகும்' என்ற சொல் விழுந்ததும் அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது. "தேறிட்டார் சார்."

"அட! அப்ப நாளைக்குக் காலையில நானே வந்து பாக்குறேன்."

மாப்பிள்ளையிடம் அவள் மூச்சுவிடவில்லை. பழைய படங்களில் அவர் எப்படி வேண்டுமானாலும் சொதப்புவார், யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் நோயாளியின் நெஞ்சில் ஈ.சி.ஜி. வில்லைகளை ஒட்டும்போது அவர் கை ஒருநாளும் பிசகியதில்லை. கையில் ஊசி சரியாக ஏறியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்க்காமல் விட்டதில்லை. ஸ்கேன் மேஜையில் ஓர் உயிர் கிடக்கும்போது அவரால் நடிக்க முடியாது. படம் கெட்டால் அந்த மனிதருக்குத்தானே மறுபடி மருந்தும் கதிரும்? அவருடைய நல்ல குணத்தை நம்பித்தான் அவள் வலை விரித்தாள். அது தெரிந்தேதான் செய்தாள்.

காலையில் உள்ளே வந்தவர் நாற்காலியில் தலைவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் குனிந்துகொண்டாள்.

மேஜையில் கிடந்தவர் ஒரு பள்ளிக்கூட பஸ் டிரைவர். பயத்தில் துடிப்பு இறங்கவே இல்லை. மாப்பிள்ளை ஒரு நிமிடம் சும்மா நின்றார். அப்புறம் அவர் உள்ளே போய் டிரைவரின் தோளில் கை வைத்தார்.

"என்னண்ணே, பஸ்ல பிள்ளைங்க கத்துற கத்தலுக்கே அசராத ஆளு நீங்க. இந்த மெஷின் சத்தத்துக்கா பயப்படுறீங்க?"

டிரைவர் சிரித்தார். துடிப்பு மெல்ல இறங்கியது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி இரண்டு தடவை ஒத்திகை பார்த்துவிட்டு, மருந்தை ஏற்றி, நேரம் பார்த்து எடுத்தார். படம் கண்ணாடி மாதிரி வந்தது. குழாய்களைப் பிரித்து வைத்தபோது தலைவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "சபாஷ் மாப்பிள்ளை! இத்தனை நாளா எங்கேய்யா ஒளிச்சு வச்சிருந்தே?"

தலைவர் போனதும் மாப்பிள்ளை அவள் பக்கம் திரும்பினார்.

"நல்லா மாட்டிவிட்டீங்க டீச்சர்."

"மன்னிச்சுடுங்கண்ணா."

"உங்க இடத்துல நான் இருந்தா நானும் இதைத்தான் பண்ணியிருப்பேன்" என்றார். சொல்லிவிட்டு, "அதுக்காகக் கோவம் இல்லேன்னு நினைச்சுக்காதீங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவள் தலைவரிடம் போனாள். மாப்பிள்ளையை இரண்டு மணிக்கு மேல் நிறுத்தக் கூடாது, சீக்கிரம் இன்னொருவரையும் பயிற்சிக்குப் போட வேண்டும் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள். "பாக்கலாம், பாக்கலாம்" என்றார் தலைவர். அவளிடம் இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்த அதே குரல்தான். மாற்றல் உத்தரவு மட்டும் அந்த வாரமே வந்துவிட்டது.

கடைசி நாளன்று சாயங்காலம் அவளுக்கு ரயில். பெட்டியை அறையின் மூலையிலேயே கொண்டுவந்து வைத்திருந்தாள். மத்தியானம் அவசரப் பிரிவிலிருந்து நெஞ்சுவலியோடு ஒரு பெண்மணியை அனுப்பினார்கள். மாப்பிள்ளையே தனியாக ஸ்கேன் எடுத்தார். நடுவில் துடிப்பு ஒன்று தப்பித் துடித்தது. "டீச்சர்" என்று பழக்கதோஷத்தில் கூப்பிட்டவர், அவள் எழுந்து வருவதற்குள் தானே சரிபண்ணிவிட்டார். பிறகு குழாய்களைப் பிரிக்க உட்கார்ந்தார். மேலே டாக்டர் படத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். மணி ரெண்டரையைத் தாண்டிவிட்டது.

மேஜை ஃபோன் அடித்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்தார், எடுக்கவில்லை. கை மவுஸில் இருந்தது. அவள் எடுத்தாள்.

"எம் பையன் இருக்கானா?" குழறலாக ஒரு கிழக்குரல். "மருமக கிளம்பிருச்சு. அவன் கிளம்பிட்டானா?"

"இதோ கிளம்புறாருப்பா. கொஞ்சம் வேலை இருக்கு."

"நீ யாரும்மா?"

"கூட வேலை பாக்குறவ" என்றாள்.

"சீக்கிரம் அனுப்பும்மா. ஒரே பக்கமா கிடக்கேன், வலிக்குது."

ஃபோனை வைத்துவிட்டு மாப்பிள்ளையின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். "எந்திரிங்கண்ணா. நான் முடிச்சு அனுப்புறேன்."

அவர் எழுந்தார். சட்டை கசங்கியிருந்தது. கதவு வரைக்கும் போனவர் திரும்பினார்.

"நாளைக்கு?"

பதிலுக்காக அவர் நிற்கவில்லை. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறி ஓடும் சத்தம் கேட்டது.

அவள் உட்கார்ந்தாள். நாற்காலியில் இன்னும் அவருடைய சூடு இருந்தது. இரண்டு குழாய்களை அவரே முடித்திருந்தார். மூன்றாவதைப் பிடித்து, வளைவுகளில் வழி தவறாமல் மெல்ல நீட்டிக்கொண்டு போனாள்.